ஐந்து மணிப் பாட்டு

கிட்டார் கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பாதிப் பேரை அவர்களுடைய வீம்பே கெடுத்துவிடுகிறது. முதல் வாரமே ஊரை அசத்தும் பாட்டுத்தான் வேண்டும் என்பார்கள். ஒரே விரலால் ஆறு கம்பியையும் சேர்த்து அமுக்கும் எஃப் கார்டு என்னும் பிடி வந்ததும் விரல் நோகும், மனசு நோகும், கிட்டார் அலமாரிக்குப் போய்விடும். இருபது வருஷமாக இந்தக் கூத்தைப் பார்க்கிறேன். அதனால் என் வகுப்பில் ஒரே சட்டம்தான். குளிக்கும்போது தானாக வாயில் வருகிற பாட்டைக் கொண்டு வா. அது மூன்று பிடிக்குள் அடங்க வேண்டும். வாசிக்கும்போது உனக்கே சந்தோஷமாக இருக்க வேண்டும்.

வகுப்பு என்று பெருமையாகச் சொல்கிறேனே தவிர, என் தொழில் முடிவெட்டுவது. செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை. அன்று மதியம் இரண்டு மணிக்கு ஊர்ச் சமூகக்கூடத்தின் மாடியில் ஆறேழு பேர் கூடுவோம். எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். இளமையில் வாசித்து, விட்டுவிட்டு, ஓய்வு பெற்ற பிறகு பழைய கிட்டாரைத் தூசி தட்டி எடுத்து வந்தவர்கள். எனக்கு ஐம்பத்துமூன்று வயது. அந்தக் கூட்டத்தில் நான்தான் குழந்தை.

போன இலையுதிர் காலத்தில் நாகசே வந்து சேர்ந்தார். இருபது வருஷமாக என் கடையில் முடி வெட்டிக்கொள்கிறவர். அத்தனை வருஷத்தில் அவர் பேசியதை எல்லாம் சேர்த்தால் ஒரு தாள் நிறையாது. கையில் ஒரு பழைய கிட்டார். நாற்பத்தாறு வருஷமாக உறையைவிட்டு எடுக்காதது. கம்பிகள் எல்லாம் துரு.

அவர் ஊராட்சி அலுவலகத்தில் ஒலிபெருக்கிக் கம்பங்களைப் பார்த்துக்கொண்டவர். கடலோர ஊர் என்பதால் சுனாமி எச்சரிக்கைக்காக நட்ட கம்பங்கள், மொத்தம் நாற்பத்தொன்று. அவை வேலை செய்கின்றனவா என்று தெரிந்துகொள்ளத் தினமும் மாலை ஐந்து மணிக்கு ஒரு மெட்டு ஒலிக்கும். வார்த்தை இல்லாத மெட்டு. அது கேட்டதும் பிள்ளைகள் விளையாட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வீட்டுக்கு ஓட வேண்டும். கடிகாரம் கட்டாத வயதில் எங்களுக்கு அதுதான் கடிகாரம். நாகசே முப்பத்தெட்டு வருஷம் அந்தக் கம்பங்களில் ஏறி இறங்கினார். மழை, பனி, காய்ச்சல் எதற்கும் விடுப்பு எடுத்ததில்லை. கல்யாணத்தன்றுகூட நாலரை மணிக்கு விருந்திலிருந்து எழுந்து போய்க் கடலோரக் கம்பத்தடியில் நின்று, பாட்டு வருகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் திரும்பினார். அவர் மனைவி தமாயே அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

ஏன் அப்படி என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை.

அவருக்குப் பதினேழு வயதாக இருந்தபோது சாயோ என்று ஏழு வயதில் ஒரு தங்கை இருந்தாள். நானும் அவளும் ஒரே வகுப்பு. அந்த வாரம் கடலோரக் கம்பம் பழுதாகி மூன்று நாளாக ஊமையாகக் கிடந்தது. "பாட்டு வராது, அஞ்சு மணிக்கு நீ போய் அவளைக் கூப்ட்டுட்டு வந்துடு" என்று மகனிடம் சொல்லிவிட்டு அம்மா மீன் ஆலைக்கு வேலைக்குப் போனாள். மகன் எஃப் பிடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தபோது மணி ஆறரை.

கடலோரத்தில் அவளோடு விளையாடிய நாங்கள் எல்லோரும் பசி தாங்காமல் முன்னமே கிளம்பிவிட்டிருந்தோம். சாயோவோடு கடைசியாகப் பேசியது நான்தான். அலைதடுப்புச் சுவர்மேல் கால் ஆட்டியபடி உட்கார்ந்திருந்தாள். "வாடி, போலாம்" என்றேன். "பாட்டு இன்னும் வரலையே" என்றாள். சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை. மறுநாள் அவளுடைய ஒரு செருப்புத்தான் கிடைத்தது.

இவ்வளவும் தெரிந்தவள் நான். தெரிந்தும் என்ன செய்தேன் பாருங்கள்.

"என்ன பாட்டு வாசிக்கணும்னு ஆசை, நாகசே சார்?"

"ஆசைன்னு ஒண்ணும் இல்ல டீச்சர். எனக்குப் பாட்டே தெரியாது."

"சும்மா கதை விடாதீங்க. குளிக்கிறப்போ என்ன முணுமுணுப்பீங்க?"

"அவரு வாயத் திறந்தாத்தானே முணுமுணுக்க!" என்றார் ஒகுமியா அம்மா. தபால் நிலையத்தில் வேலை பார்த்தவர், எழுபத்தொரு வயது, வாய் மட்டும் இருபது.

எல்லோரும் சிரித்தோம். நாகசே தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "முப்பத்தெட்டு வருஷமா காதுல ஒரே பாட்டுதான் இருக்கு."

அங்கேயே பேச்சை மாற்றியிருக்க வேண்டும். எனக்குத்தான் நாக்கு முந்திக்கொள்ளுமே. "அப்ப அதையே எடுத்துக்கோங்க. மூணே பிடி. எஃப் கிடையாது" என்றேன். அவர் தலையாட்டினார். ஒகுமியா அம்மா என் முழங்கையைக் கிள்ளினார்.

மூன்றாவது வாரம் அதை வகுப்பில் வாசித்துக் காட்டினார். மணி இரண்டரை. மெதுவாக, தப்பில்லாமல் வாசித்தார். பாதியிலேயே ஒகுமியா அம்மா எழுந்து கிட்டாரை உறையில் போட்டார், மேல்கோட்டை மாட்டினார், படியிறங்கிப் போய்விட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கீழே மைதானத்தில் மட்டையால் மரப்பந்து தட்டி ஆடிக்கொண்டிருந்த கிழவர்கள் பந்துகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். தெருவில் ஒருத்தர் மிதிவண்டியை வந்த வழியே திருப்பினார். பத்து நிமிஷம் கழித்து ஒகுமியா அம்மா மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

"ஏன்டி மிசாவோ, நான் எதுக்கு வீட்டுக்குப் போனேன்?"

வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தச் சிரிப்பு எனக்கு அவ்வளவு சரியாகப் படவில்லை. நாகசே சிரிக்கவே இல்லை, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் தமாயே அக்கா என் கடைக்கு வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"மிசாவோ, அவருக்கு வேற பாட்டு குடுத்துரு."

"ஏன்க்கா, காது குடுத்துக் கேக்க முடியலையா?"

"விளையாடாத. தினம் டீ குடிச்சிட்டு மூணு மணிக்கு அதை வாசிக்கிறாரு. ரெண்டாம் நாளு வாசல் இழுப்புக்கதவு தானா நகந்துச்சு. 'வந்துட்டேன்'னு ஒரு குரல். இவரு தலையக்கூட நிமித்தல, 'வா வா'ங்கிறாரு. வீட்ல நாங்க ரெண்டே பேரு. நான் அவருக்கு எதுர்ல நிக்கிறேன்."

வெளியே போய்விட்டு வருகிற யாரும் எங்கள் ஊரில் வாசலில் நின்று 'வந்துட்டேன்' என்பார்கள். உள்ளே இருப்பவர் 'வா வா' என்பார். யார் என்று எட்டிப் பார்த்துச் சொல்வதில்லை. தும்மினால் 'நூறு' என்பதுபோல, வாய் தானாகச் சொல்லிவிடும். அந்த ஒரு வார்த்தை, வந்தது எதுவானாலும் அதற்கு வீட்டைத் திறந்து விட்டுவிடும் என்று அன்றுவரை நான் நினைத்துப் பார்த்ததில்லை.

"அப்புறம்?"

"வாசல்ல கல்லு நனைஞ்சிருந்துச்சு. மழையே இல்ல. தொட்டு நாக்குல வச்சேன். உப்பு. மறுநாள் வாசப்படில ஈரம். நேத்து தாழ்வாரத்துல நாலடி தூரத்துக்கு, இத்தனூண்டு ஈரக் காலடி." கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் விரித்துக் காட்டினார். "தினம் வா வான்னா வராம என்ன செய்யும்?"

"அது சாயோதானேக்கா..."

"யாரா இருந்தா என்னடி? அவ வந்து கையப் பிடிச்சா இவரு எழுந்து பின்னாலயே போயிடுவாரு. நாப்பத்தாறு வருஷமா அதுக்குத்தானே உக்காந்திருக்காரு. அதான் நாங்க புள்ளகூட பெத்துக்கல. தனக்கு அந்த லாயக்கு இல்லைன்னுட்டாரு. எனக்குன்னு இருக்கறது இந்த மனுஷன் ஒருத்தர்தான்."

தமாயே அக்கா அழுது நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன்.

மறுநாள் இன்னொரு பாட்டை எழுதி எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். படகுக்காரர்கள் குடித்துவிட்டுப் பாடும் கேலிப்பாட்டு. இரண்டே பிடி. அதை முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வாசிக்க முடியாது. என் கணக்கு அவ்வளவுதான், ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு இன்னொன்றைக் கொடுப்பது. நாகசே தாளை இரண்டு கையாலும் வாங்கி, படித்து, மடித்து ஓரமாக வைத்தார்.

"நல்ல பாட்டு டீச்சர். மொதல்ல இது முடியட்டும்."

"பயமா இல்லையா சார்?"

"பயம்தான். அன்னைக்கு ஆறரை மணிக்கு நிமிந்து பாத்தேனே, அதுக்கு மேலயா?"

கிட்டாரை எடுத்தார். வெயில் பாய்மேல் விழுந்திருந்தது. தமாயே அக்கா கையில் துடைக்கும் துணியோடு நின்றார். நாகசே வாசிக்க ஆரம்பித்ததும் என் கால்களே எழுந்து வீட்டுக்குப் போகப் பார்த்தன. முழங்காலை இறுகப் பிடித்துக்கொண்டேன். மெட்டு ஒரு சுற்று முடிந்து இரண்டாவது சுற்று தொடங்கும்போது வாசல்கதவு நகர்ந்தது. அறைக்குள் கடற்பாசி வாடை வந்தது.

"வந்துட்டேன்!"

அந்தக் குரல் எனக்குத் தெரியும். கொஞ்சம் மூக்கால் பேசும் குரல். பதில் சொல்ல என் நாக்கு எழும்பியது. ரத்தம் வரும் அளவுக்குக் கடித்துக்கொண்டேன். தமாயே அக்கா துணியால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"வா வா" என்றார் நாகசே. அன்று முதல் தடவையாகத் தலையை நிமிர்த்திச் சொன்னார்.

ஈரக் கால்கள் தாழ்வாரப் பலகையில் ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தம் கேட்டது. நாலடியைத் தாண்டியது. எங்கள் அறையின் காகிதம் ஒட்டிய இழுப்புக்கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. தாழ்வாரத்தில் நல்ல வெளிச்சம், ஆனாலும் காகிதத்தில் நிழல் விழவில்லை.

"அண்ணா, அஞ்சு மணி ஆயிடுச்சா?"

சுவர்க்கடிகாரத்தில் மூன்று பத்து. அவள் பாட்டை நம்பி வந்திருந்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், திரும்பிப் போய் அந்தச் சுவர்மேலேயே உட்கார்ந்துவிடுவாள். தமாயே அக்காவின் பயமும் அதோடு தீர்ந்துவிடும். அவர் சொல்லிவிடட்டும் என்றுதான் நானும் வேண்டிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

நாகசே கம்பிகளின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"ஆயிடுச்சும்மா. எப்பவோ ஆயிடுச்சு. அண்ணன்தான் லேட்டு."

கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். கதவை நோக்கி ஓர் அடி வைத்தார். தமாயே அக்கா பாய்ந்து அவர் சட்டைக் கையைப் பிடித்தார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் சின்னதாக ஒரு மூக்கு உறிஞ்சல். அழப்போகும் பிள்ளையா, சளி பிடித்த பிள்ளையா, தெரியவில்லை. அதைக் கேட்டதும் தமாயே அக்காவின் முகம் மாறியது. பிடித்த சட்டையை விடாமல், எச்சிலை விழுங்கிக்கொண்டு, எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் சாயங்காலம் கேட்கிற அதே அதட்டலில் கதவைப் பார்த்துச் சொன்னார்.

"வந்ததும் வராததுமா என்ன பேச்சு? போ, மொதல்ல கையக் கழுவிட்டு வா!"

பிறகு கால்கள் தாழ்வாரத்தில் தடதடவென்று ஓடின. குளியலறையில் யாரோ குழாயைத் திறந்தார்கள்.

நாங்கள் மூன்று பேரும் அந்த அறையில்தான் இருந்தோம். நாகசே நின்ற இடத்திலேயே மடங்கி உட்கார்ந்து, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.