வெளிர்நீலச் செல்கள்

செத்த செல்லையும் உயிருள்ள செல்லையும் எண்ணிப் பிரிப்பது என் அண்ணியின் வேலை. ஆய்வகத்தில் தட்டுகளில் வளர்த்த நரம்புச் செல்களுக்கு நஞ்சு கொடுப்பார்கள். பாதித் தட்டுகளுக்கு மட்டும் அதற்கு முன்பே, கஞ்சாச் செடியிலிருந்து பிரித்தெடுத்த, போதை தராத ஒரு பொருளைக் கொடுத்திருப்பார்கள். அது செல்லைக் காப்பாற்றுகிறதா என்பதுதான் கேள்வி. கடைசியில் நீலச் சாயம். செத்த செல் அதைக் குடித்துவிடும்; உயிருள்ளது வாசலிலேயே நிறுத்திவிடும். எது மருந்துத் தட்டு என்று அண்ணிக்குத் தெரியாதபடி தாள் ஒட்டி மறைத்திருப்பார்கள்.

அண்ணன் முடி திருத்துபவர். மூளையில் அதே மாதிரி நரம்புச் செல்கள் செத்து, கைநடுக்க நோய் வந்தபின் கத்தரியைத் தொடுவதில்லை; கடையில் உட்கார்ந்து வருகிறவர்களை வம்புக்கு இழுப்பதோடு சரி.

"உங்க ஆய்வகத்துக் கஞ்சாவுல கொஞ்சம் பொட்டலம் கட்டிட்டு வாயேன்" என்பார்.

"தட்டுல இருக்கிற செல்லுக்கே அது நல்லதான்னு இன்னும் தெரியல. உங்களுக்கு என்ன அவசரம்?"

அண்ணியின் வாய்தான் அப்படிச் சொல்லும். நல்லதாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேதான் தினமும் வேலைக்குப் போனார்.

ஒருநாள் ஈரத்தில் தாள் உரிந்து, மருந்துத் தட்டு எதுவென்று தெரிந்துவிட்டது. அதை எண்ணி எழுதிவைத்துவிட்டு அடுத்த தட்டுக்கு வந்தபோது, எண்ணும் கருவியின் பொத்தான்மேல் அண்ணியின் கட்டைவிரல் நின்றது. சாயம் லேசாக ஏறிய வெளிர்நீலச் செல்லை இங்கே செத்தது என்று அழுத்துகிறார். மருந்துத் தட்டில் அதே நீலத்தை உயிர் என்று அழுத்தியிருந்தார்.

அதற்குள் ஆய்வகத் தலைவி அதுவரை எண்ணிய தட்டுகளின் எண்களைப் பார்த்து முகம் மலர்ந்திருந்தார்.

"இதை எடுத்துடுங்க மேடம். வேற யாராவது எண்ணட்டும்."

"நல்லாத்தானே வந்திருக்கு?"

"எங்க வீட்டுல ஒருத்தருக்குக் கை நடுங்குது. என் கண்ணு அவருக்காகப் பாக்குது."

தன் ஆசையைத் தானே கையும் களவுமாகப் பிடித்த ஒருவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

தட்டுகளை வேறொரு பெண் எண்ணினாள். மாலையில் கடைக்கு வந்து அண்ணி எல்லாவற்றையும் சொன்னபோது அண்ணன் முகம் சுண்டிப்போனது.

"பேசாம இருந்திருக்கலாம்ல? இன்னும் நாலு செல்லு பொழச்சா உனக்கென்ன?"

"அதுங்க எங்க பொழச்சுது? நான்தானே பொழைக்க வெச்சேன்."

அண்ணன் நடுங்கும் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

"சரி, அந்தப் பொண்ணு எண்ணினதுல?"

"வித்தியாசம் இருக்கு. நான் எண்ணினதுல பாதிகூட இல்ல. ஆனா இருக்கு."

"எனக்கு அது போதும்."

"எனக்குப் போதாது" என்றார் அண்ணி. "மறுபடி புதுசா தட்டு வெக்கச் சொல்லியிருக்கேன். இனிமே எல்லாத்தையும் அவளே எண்ணட்டும். நான் சாயம் கலக்கிக் குடுக்கறேன்."