பிஸ்கட் டின்னும் அக்காவின் ஓட்டும்

பாடாங் மேஹா தோட்டத்தில் எங்கள் லயத்துக்கு அடுத்த வரிசையில் இருக்கும் அக்காவுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். நேரில் சொன்னால் "என்னா தம்பி, காய்ச்சலா?" என்பார். அதனால் எழுதி வைக்கிறேன்.

ஒரு பொதுத்தேர்தல் காலை. தோட்டத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு, நான் ஓட்டும் பள்ளி வேன் புறப்படத் தயாராக நின்றது. அக்கா மட்டும் ஏறவில்லை. ஓட்டுச்சாவடி இருக்கும் பள்ளியில்தான் அவர் கான்ட்ராக்டில் கூட்டிப் பெருக்குகிறார்.

"நான் வரல லா. பேரைச் சத்தமா கூப்பிடுறான், நம்பரைச் சொல்றான், நாலு பேரு எழுதிக்கிறான். யாருக்குப் போட்டேன்னு தெரிஞ்சா அடுத்த மாசம் எனக்கு வேல இருக்குமா?"

"வந்தீங்களான்னுதான் எழுதுறாங்கக்கா. யாருக்குப் போட்டீங்கன்னு கடவுளுக்குக்கூடத் தெரியாது."

"கோயில்ல மட்டும் தெரிஞ்சுச்சே?"

வேனில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரை விட்டுவிட்டுத்தான் போனோம்.

தோட்டத்துக் கோயிலின் ஆண்டுக் கூட்டத்தில் கை தூக்கித்தான் தலைவரைத் தேர்ந்தெடுப்போம். செயலாளர் நான். கை தூக்கியவர்களின் பெயர்களை உரக்கப் படித்து, குறிப்பேட்டில் எழுதுவேன். சுத்தமான வேலை என்று பெருமை வேறு. ஒரு வருஷம் அக்கா தலைவருக்கு எதிராகக் கை தூக்கினார். அடுத்த திருவிழாவில், மாமியார் காலத்திலிருந்து அவர்கள் வீடு செய்துவந்த மூன்றாம் நாள் உபயம் வேறு வீட்டுக்குப் போனது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

சனங்கள் ஏன் ஓட்டுப் போடாமல் இருக்கிறார்கள் என்று சாப்பாட்டுக் கடையில் மணிக்கணக்காகப் பேசுகிறவன் நான். சோம்பல், அறியாமை என்று கைவசம் நிறையப் பெயர் வைத்திருந்தேன். அக்கா தேர்தலைப் படித்தது என் குறிப்பேட்டில் என்பது அன்றுதான் உறைத்தது.

அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கு, மூடியில் துளை போட்ட பெரிய பிஸ்கட் டின்னோடு போனேன். ஒவ்வொருவராக மடப்பள்ளிக்குள் போய், ஒரே மாதிரிச் சீட்டில் பெயருக்கு நேரே குறி போட்டு, மடித்து டின்னில் போட வேண்டும்.

"என்னாய்யா, நம்ம ஆளுங்க மேலயே சந்தேகமா?" என்றார் தலைவர்.

"உங்களுக்கும் ஒரு சீட்டு இருக்குண்ணே. யாரும் பாக்க மாட்டாங்க, தைரியமா போடுங்க."

கூட்டம் சிரித்த சிரிப்பில் டின் ஊர்ஜிதமாகிவிட்டது. ஜெயித்தது என்னவோ பழைய தலைவர்தான். எண்ணி முடிக்கும்வரை அக்கா என் தோளை ஒட்டி நின்றார். ஒவ்வொரு சீட்டையும் உற்றுப் பார்த்தார்.

"என் சீட்டு எதுன்னு எனக்கே தெரியலயே தம்பி!" வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு வந்த தேர்தலில், நான் வேனைத் திறப்பதற்கு முன்பே அக்கா முன்சீட்டுக் கதவருகே நின்றார். விரலில் மையோடு வெளியே வந்தவரிடம், பழக்க தோஷத்தில் "யாருக்குக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

"வாய மூடிக்கிட்டு வண்டிய ஓட்டு. இவன்தான் எனக்குப் பாடம் நடத்துனான்!"

திங்கட்கிழமை, மை அழியாத விரலோடு அதே வகுப்பறையைக் கூட்டினார். அடுத்த மாதமும் கூட்டினார். மூன்றாம் நாள் உபயம் மட்டும் இன்னும் திரும்பவில்லை. அது யாருக்கு என்று முடிவு செய்யவும் அந்த டின்னைக் கொண்டுவரச் சொல்லி என்னை விரட்டிக்கொண்டிருக்கிறார். கொண்டுபோகத்தான் போகிறேன்.