பேத்திக்கு மாங்காய் உப்புக் கரித்தது

இன்று உக்கடம் பஸ் ஸ்டாண்டில் என் பேத்தி மாங்காய்த் துண்டைக் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"அம்மாயி, உப்புக் கரிக்குது."

எனக்குச் சந்தோசத்தில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

போன வருசம் இவள் உப்பை வெறுமனே அள்ளித் தின்றவள். உடம்பு இளைத்து, முகம் கறுத்து, எழுந்து நின்றால் தலைசுற்றி விழுவாள். சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி இருக்கிற அட்ரீனல் சுரப்பி சரியாக வேலை செய்யவில்லை, அதனால்தான் உடம்பு உப்புக் கேட்கிறது என்று டாக்டரம்மா கண்டுபிடித்தார். அன்றிலிருந்து தினமும் மாத்திரை, ஒரு நாளும் விடக்கூடாது.

இன்று காட்டப் போனபோது, "நல்லாத் தேறிட்டாங்க" என்றார். ரிப்போர்ட்டைப் படிக்க என் ஐந்தாம் வகுப்புப் படிப்பு போதவில்லை. மாங்காய் சொன்னது நன்றாகப் புரிந்தது.

மாங்காய் விற்கிற பாய்க்குத்தான் முகம் வாடிவிட்டது.

"ஏனுங்கம்மா, பாப்பா கேக்குமேன்னு எப்பவும் போல உப்பைச் சேர்த்துப் போட்டனுங்க. நல்லா இல்லீங்களா?"

"அருமையா இருக்குதுங்க பாய். இனி எல்லாத்துக்கும் போடற மாதிரியே இவளுக்கும் போடுங்க, போதும்."

அவர் வேறு மாங்காய் நறுக்கித் தந்தார். சூலூர் வரும்வரை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அத்தனை பேரிடமும் இதைச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தவள், "ரசத்துலயும் உப்பு சாஸ்தி அம்மாயி" என்கிறாள்.

அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் ரசத்தைச் சாப்பிட்டவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள், நீங்களே வந்து சொல்லுங்கள்.