நுனிக்கிள்ளியின் மொட்டை மரம்

என் கொழுந்தன் பெண்டாட்டிக்குக் கூடப்பிறந்தவர்கள் இரண்டு பேர். மூத்தவள் ஆஸ்பத்திரியில் துணி தைக்கிறவள். கடைக்குட்டி முடி வெட்டுகிறவன். இது மூத்தவள் கதை. அவளைப் பெயர் சொல்லிக் கேட்டால் எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. நுனிக்கிள்ளி என்றால்தான் தெரியும். கல்யாணமான புதிதில், மாமியார் வளர்த்த செடி எதைப் பார்த்தாலும் கை சும்மா இராமல் கொழுந்தைக் கிள்ளிவிடுவாள். "கிள்ளினாத்தான் அத்தே ரெண்டா வெடிக்கும்" என்பாள். மாமியார் கடுப்பில் வைத்த பெயர். மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார், பெயர் நிற்கிறது.

ஆஸ்பத்திரியில் கீழ்த்தளத்தில், சலவை மெஷின்கள் உறுமுகிற இடத்துக்குப் பக்கத்து அறையில் அவளுடைய தையல் மெஷின். கிழிந்த போர்வை, நாடா அறுந்த அங்கி எல்லாம் அவள் மடிக்குத்தான் வரும். மரமும் அப்படித்தான் வந்தது. குணமாகிப் போன யாரோ ஜன்னலோரம் விட்டுப்போன சின்னத் தொட்டி. ஏசிக் குளிரில் இலையெல்லாம் கொட்டி வெறும் குச்சியாக நின்றது. அழுக்குத் துணியோடு அதையும் அள்ளி வந்த பெண்கள் குப்பையில் போடப் போனார்கள். இவள் வாங்கி, கட்டைவிரல் நகத்தால் பட்டையைச் சுரண்டினாள். உள்ளே பச்சை.

"உயிர் இருக்குடி இதுக்கு" என்று சாப்பாட்டுப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

அது சீன எல்ம் என்று பிறகுதான் தெரிந்தது. தரையில் விட்டால் வீட்டைத் தாண்டி வளர்கிற சாதி. தொட்டியில் வைத்து வெட்டி வெட்டி வளர்த்தால் முழ உயரத்திலேயே கிழமரமாகிவிடும். சுண்டுவிரல் நகமளவு இலை, ஓரமெல்லாம் ரம்பப் பல். நாலைந்து இலையோடு தளிர் நீண்டால், இரண்டை விட்டு மேலே நறுக்குவாள். அங்கிருந்து இரண்டு கிளை வரும். அது நீண்டால் அதையும் நறுக்குவாள். வருஷக்கணக்காக பால்கனியில் இதே வேலை. அவள் கைக்கு ஏற்ற மரம் கடைசியில் கிடைத்துவிட்டது என்று நாங்கள் சிரிப்போம்.

ஊரில் குட்டிமரம் வளர்ப்பவர்கள் சங்கம் ஒன்று வருஷா வருஷம் கண்காட்சி வைக்கும். தலைவர் ஒரு பல் டாக்டர். போன வருஷம் ஆசை ஆசையாகத் தூக்கிக்கொண்டு போனவளை அவர் வாசலிலேயே நிறுத்தினார்.

"நல்லா வளத்திருக்கீங்கம்மா. ஆனா இலைதான் தெரியுது, கிளை தெரியலையே. மரமா புதரான்னு எதை வச்சு நான் சொல்றது?"

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் இவளுக்கு முகம் விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் புருஷனிடம் சொன்னாள்: "அடுத்த தடவையும் வாசலோட அனுப்பிட்டாங்கன்னா, இதத் தரையில நட்டுட்டு என் பொழப்பப் பாக்குறேன்." தரையில் நட்டால் அத்தனை வருஷ வேலையும் போச்சு. தெருவில் நிற்கிற மரங்களில் அதுவும் ஒன்று.

புருஷன் பஸ் ஓட்டுகிறவர். பெண்டாட்டி சொன்ன சொல் மாறமாட்டாள் என்று நம்புகிற மனுஷன். அடுத்த கண்காட்சி நெருங்கியதும் கட்டிடத்துக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயோரம் குழி ஒன்றை வெட்டி வைத்துவிட்டார்.

"அவசரத்துக்கு ஆகுமேன்னுதான்" என்றாராம். அன்று முழுக்க அவள் அவரோடு பேசவில்லை.

கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை. தன்னுடைய மெல்லிய கத்திரியைச் சாணை பிடிக்கத் தம்பியிடம் கொடுத்திருந்தாள். அவன் வெள்ளிக்கிழமை திருப்பிக் கொண்டுவந்தபோது அக்கா வேலையில் இருந்தாள், மாமா வீட்டில் இருந்தார். கூர் எப்படி என்று பார்க்க வேண்டாமா? கையில் கத்திரி, எதிரே தலை மாதிரி உருண்டையாக ஒரு மரம். பாக்கெட்டிலிருந்து சீப்பை எடுத்து, மேலே பிடித்து, சரசரவென்று ஓட்டினான்.

"சூப்பர்டா மாப்ளே. காதோரம் கொஞ்சம் எடு" என்றாராம் பஸ்காரர்.

குட்டிமரக்காரர்கள் யாரும் இலையைக் குறுக்கே வெட்டமாட்டார்கள். காம்போடு எடுப்பார்கள், இல்லை குச்சியை நறுக்குவார்கள். குறுக்கே வெட்டிய இலையின் விளிம்பு மறுநாள் கருகிவிடும். அவள் வேலை முடிந்து வந்த இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. சனிக்கிழமை விடிந்தபோது மரம் முழுக்கப் பழுப்பு. அடுப்பில் காட்டி எடுத்தது மாதிரி இருந்தது.

அவள் மரத்தின் முன்னால் உட்கார்ந்து, கருகிய இலை ஒன்றைக் காம்போடு எடுத்தாள். பக்கத்தில் இன்னொன்று. எடுத்த இடத்தில் குச்சி தெரிந்தது. குச்சி இரண்டாகப் பிரிந்து, அது மறுபடி இரண்டாகப் பிரிந்து, நுனி நூலாக ஓடியது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவள் தம்பிக்குப் போன் போட்டாள்.

"கடையப் பூட்டிட்டு வா."

"அக்கா, சனிக்கிழமை! தலைங்க வரிசையா உக்காந்திருக்கு."

"அந்தத் தலையெல்லாம் திங்கக்கிழமையும் இருக்கும். என் மரம் இருக்காது. வா."

வந்தான். பால்கனியில் இரண்டு முக்காலி. இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் தம்பி. ஒவ்வொரு இலையாகக் காம்போடு நறுக்கினார்கள். காலையில் உட்கார்ந்தவர்களின் நிழல் சுவரேறியபோதுதான் முடிந்தது. ஒரு குச்சிகூட ஒடியவில்லை. ஆயிரம் கன்னம் மழித்த கை அல்லவா. பாதியிலேயே அவன் வாய் திறந்தான்.

"ஏங்க்கா, உள்ள இவ்ளோ வேலை பண்ணி ஒளிச்சு வச்சிருக்கே, சொல்லவே இல்ல?"

"எனக்கே இன்னிக்குத்தான்டா தெரியுது."

ஞாயிறு காலை நானும் போனேன். மண்டபம் முழுக்கப் பச்சைப் பசேலென்று மரங்கள். வாசலில் பல் டாக்டர். இவள் கையில் ஒற்றை இலை இல்லாத மரம். பின்னால் குற்றவாளிகள் மாதிரி தம்பியும் பஸ்காரரும்.

"இலையெல்லாம் எங்கம்மா?"

"நீங்கதானே டாக்டர் கிளையக் காட்டச் சொன்னீங்க? காட்டிட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். குனிந்தார். தொட்டியைச் சுற்றி வந்தார். அடிமரம் பருத்து, பட்டை உரிந்த இடத்தில் செம்மஞ்சள் தெரிய, மேலே போகப் போகக் கிளைகள் மெலிந்து மெலிந்து புகை மாதிரி கலைந்து நின்றன.

"ஓரத்துல வைக்காதீங்க" என்றார். "நடு மேசைக்குக் கொண்டு போங்க."

வெளியூரிலிருந்து வந்த நடுவர் அம்மாள் அந்த மேசையை விட்டு நகரவே இல்லை. மதியத்துக்குள் முதல் பரிசுச் சீட்டு அந்தத் தொட்டியில்தான் சாய்ந்து நின்றது. எங்கள் முடிவெட்டி மண்டபமே திரும்பிப் பார்க்கக் கத்தினான்: "அந்தத் தலைக்கு முதல்ல கத்திரி வச்சது நான்தான்!"

"அத மெதுவாச் சொல்லித் தொலைடா" என்றார் பஸ்காரர்.

நுனிக்கிள்ளி முந்தானையால் தொட்டியின் விளிம்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள். சிரிப்பு மட்டும் அடங்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மரத்தை அதன் பழைய இடத்தில் வைத்தாள். பஸ்காரர் சட்டையைக்கூடக் கழற்றாமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். குழியை மூடி, மேலே ஏறி நின்று இரண்டு காலாலும் மிதித்தார். மேலே பால்கனியிலிருந்து குரல் வந்தது.

"இன்னும் நல்லா மிதிங்க!"