ஷரீஃபா மாமியை வெட்டிய கதை

அந்தோணிமேரி செய்கிற வேலைக்குக் காரைக்காலில் பெயர் கிடையாது. தெருவில் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். மூக்குக் கண்ணாடியும் மேசை நிறையத் தாளும் இருந்தால் வேறு என்னவாக இருக்க முடியும் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். பால் ஊற்றுகிறவர் ஒருமுறை, "எடிட்டர்னு சொல்றாங்களே, சினிமால வெட்டி ஒட்டுவாங்களே, அதாங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க, கதை எழுதுறவங்களுக்கு..." என்று ஆரம்பித்தவள் பாதியிலேயே களைத்துப்போய், "ஆமா, அது மாதிரிதான்" என்று பால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சென்னையில் ஒரு பதிப்பகத்தில் பத்தொன்பது வருடம் இருந்தாள். எழுத்துப்பிழை பார்க்கத்தான் சேர்த்தார்கள். பிழை பார்த்துக்கொண்டே, 'இந்த அத்தியாயம் இங்கே எதற்கு?' என்று ஓரத்தில் பென்சிலால் எழுத ஆரம்பித்தாள். முதலில் எழுத்தாளர்கள் கோபப்பட்டார்கள். போகப்போக, அந்த அம்மா பார்க்காமல் அச்சுக்குக் கொடுக்க மாட்டேன் என்று சொல்கிறவர்களும் வந்தார்கள். கணவர் மார்ட்டினுக்கு வங்கியில் காரைக்கால் கிளைக்கு மாற்றல் கிடைத்தபோது, வேலையையும் சொந்த ஊருக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். நாவல்கள், சிறுகதைத் தொகுப்புகள், நடுநடுவே திரைக்கதைகள். ஐம்பத்து நாலு வயதுக்குள் நூற்று நாற்பது பிரதிகளுக்கு மேல் படித்துத் திருத்தியிருந்தாள். மிச்சமாக ஒரு கழுத்து வலியும், எதைக் கொண்டும் போகாத ஓர் அலுப்பும் இருந்தன.

எல்லோருக்கும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லவேண்டியிருந்தது. அதுதான் அலுப்பு. சென்ற நவம்பரில் அறிவுச்செல்வன் என்கிற இளம் இயக்குநர் சென்னையிலிருந்து போன் செய்தார். அவருடைய திரைக்கதையை அவள் படித்து முடித்திருந்தாள்.

"செகண்ட் ஹாஃப் இழுக்குதுன்னு எல்லாரும் சொல்றாங்க மேடம். பத்து சீன் தூக்கிடலாமா?"

"செகண்ட் ஹாஃப்ல ஒண்ணும் கோளாறு இல்லீங்க. அண்ணன்காரன் ஏன் ஊரை விட்டு ஓடுனான்னு முதல் அரை மணி நேரத்துலயே சொல்லிட்டீங்க. அதுக்கப்புறம் பாக்குறவங்க எதுக்கு உக்காந்திருக்கணும்? அந்த ஒரு விஷயத்தைக் கடைசி வரைக்கும் சொல்லாதீங்க. அதே பத்து சீனும் தானா ஓடும்."

அறிவுச்செல்வன் தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு துள்ளிக் குதிக்காத குறையாக நன்றி சொன்னார். போனை வைத்துவிட்டு அந்தோணிமேரி மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். போன மாதம் வேறொருவரிடம், வேறொரு கதைக்கு, கிட்டத்தட்ட இதே வார்த்தைகளைச் சொல்லியிருந்தாள்.

அந்தச் சமயத்தில் அவள் கையில் இருந்தது அமீர் நிஷாவின் நாவல். சனிக்கிழமைக்குள் அது பதிப்பகத்துக்குப் போயாக வேண்டும். அப்போதுதான் ஜனவரியில் சென்னைப் புத்தகக் கண்காட்சிக்குப் புத்தகம் வரும்.

அமீர் நிஷா முதன்முதலாக வந்தது இரண்டு வருடத்துக்கு முன்னால். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள், நாற்பத்து மூன்று வயது. கணவர் ரஃபீக், அவள் வாய்க்கு 'மச்சான்', இருபது வருடம் ஷார்ஜாவில் இருந்துவிட்டு ஊரோடு திரும்பியிருந்தார். ஒரு ஜவுளிக்கடைப் பையில் நான்கு பெரிய நோட்டுகளைப் போட்டு எடுத்துவந்தாள். வெளிநாட்டிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்த கணவனோடு வாழப் பழக முடியாத ஒரு மனைவியின் கதை. காலை பத்து மணிக்கு வீட்டில் ஓர் ஆண் உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தாங்கவில்லை. அவருடைய செருப்பு வாசலில் கிடப்பதைப் பார்த்து, யாரோ விருந்தாளி வந்திருப்பதாக நினைத்துத் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்கிறாள். அந்த இடத்தைப் படித்தபோது அந்தோணிமேரி நோட்டை மூடி வைத்துவிட்டு எழுந்து கொஞ்ச தூரம் நடந்தாள். பல வருடங்களாக எந்தப் பிரதியும் அவளை அப்படி எழுப்பியதில்லை.

"கதை ஏழாவது அத்தியாயத்துலதான் ஆரம்பிக்குதுங்க. அவர் ரெண்டு பெட்டியோட வாசல்ல வந்து நிக்கிறாரே, அங்க" என்றாள் நிஷாவிடம்.

"அப்ப அதுக்கு முன்னாடி இருக்குற நூத்திப் பத்து பக்கம்?"

"அது உங்களுக்காக நீங்க எழுதிக்கிட்டது. படிக்கிறவங்களுக்கு வேணாம்."

நிஷா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். ஆனால் இரண்டு வாரம் கழித்துத் தானே வந்து, "நீங்க சொன்னது சரிதாங்க்கா. அதை எடுத்தப்புறம்தான் மூச்சு விட முடியுது" என்றாள். அதிலிருந்து அந்தோணிமேரியின் வாயில் 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. அந்தோணிமேரி எதைச் சொன்னாலும் நிஷா மறுபேச்சு பேசாமல் எழுதிக்கொண்டு வர ஆரம்பித்தாள்.

கதையில் பக்கத்து வீட்டுக்காரியாக ஷரீஃபா மாமி என்று ஒருத்தி இருந்தாள். மீன் வாங்கிய கதையைச் சொல்ல வருவாள். மீன்காரியின் மகள் கல்யாணம், அந்தக் கல்யாணத்தில் பிரியாணி அடிப்பிடித்தது, அதைச் சமைத்தவரின் சிங்கப்பூர் மச்சான் என்று எங்கெங்கோ போய், மீனைப் பற்றிச் சொல்லாமலே எழுந்து போய்விடுவாள். 'கதை இங்கே நின்றுவிடுகிறது' என்று அந்தோணிமேரி ஓரத்தில் எழுதினாள். மூன்றாவது பிரதியில் மாமி பாதியானாள். நான்காவதில் மூன்று பக்கத்துக்குள் ஒடுங்கிப்போனாள்.

அந்த நான்காவது பிரதியைத்தான் வியாழக்கிழமை காலை கடைசி முறையாகப் படித்துக்கொண்டிருந்தாள். எழுத்துப்பிழை இல்லை. தொய்வு இல்லை. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஓர் அத்தியாயம் முடிந்தது: 'அவள் எதுவும் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.'

நன்றாகத்தான் இருந்தது. இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. எழுந்துபோய் அலமாரியிலிருந்து, தான் திருத்திய மூன்று புத்தகங்களை எடுத்தாள். மூன்றும் வேறு வேறு ஊர், வேறு வேறு எழுத்தாளர்கள். அத்தியாயக் கடைசிகளை மட்டும் புரட்டினாள். ஒன்றில் ஒரு தறிக்காரர் எதுவும் சொல்லாமல் ஜன்னலைப் பார்த்தார். இன்னொன்றில் கல்லூரிப் பெண் ஒருத்தி. மூன்றாவதில் கதவு. அவ்வளவுதான் வித்தியாசம். ஒவ்வொரு பிரதியும் முதலில் அவளிடம் வந்தபோது அந்த இடத்தில் வேறு என்னவோ இருந்தது. அவள்தான் 'இவ்வளவு விளக்கம் வேண்டாம், அமைதியாக முடியுங்கள்' என்று எழுதியிருந்தாள்.

உடம்பிலிருந்த கொஞ்சநஞ்சத் தெம்பும் இறங்கிப்போனது. புத்தகங்களைத் திருப்பி அடுக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

மத்தியானம் மார்ட்டின் சாப்பிட வந்தார்.

"அனுப்பிட்டியா?"

"இல்லீங்க."

"ஏன், தப்பு எதுவும் இருக்கா?"

"ஒரு தப்பும் இல்லீங்க. அதான் பிரச்சினை. படிச்சா நான் எழுதுன மாதிரி இருக்கு."

மார்ட்டின் சாம்பாரை ஊற்றிக்கொண்டே அவளை நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டு வருஷமாச்சு மேரி. உனக்கும் முடியல. அந்தப் பொண்ணுக்கும் புக்கு வந்தா போதும்னு இருக்கும். அனுப்பிட்டுக் கொஞ்சம் படு."

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. அனுப்பிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நிஷாவுக்கே தெரியாது. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, ஆட்டோ பிடித்து நிஷா வீட்டுக்குப் போனாள்.

நிஷா அடுப்படியில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து, "வாங்கக்கா. என்ன, இந்த நேரத்துல? போன் பண்ணிருந்தா நானே வந்திருப்பேனே" என்றாள்.

அந்தோணிமேரி சுற்றி வளைக்கவில்லை. "நிஷா, நான் உன் கதையைக் கெடுத்துட்டேன். முதல் ஆறு அத்தியாயத்தை எடுக்கச் சொன்னது சரி. அதுக்கப்புறம் ஷரீஃபா மாமியை வெட்டச் சொன்னது தப்பு. பேச்சையெல்லாம் மழமழன்னு இழைச்சுவிட்டதும் தப்பு. ரெண்டாவது பிரதிக்குத் திரும்பிப் போகணும்."

நிஷா சிரித்தாள், விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து. பிறகு அவள் முகம் மாறியது.

"என்னக்கா சொல்றீங்க? ரெண்டு வருஷம். நீங்க வெட்டுன்னீங்க, வெட்டுனேன். மாமியை எடுக்குறப்போ எனக்கு எப்படி இருந்துச்சுன்னு தெரியுமா?"

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"எப்படிக்கா சொல்லுவேன்? நான் பத்தாவது படிச்சவ. நீங்க எத்தனை பேரைப் பாத்தவங்க. நாலாவது தடவை எழுதி முடிச்சு மச்சானுக்குப் படிச்சுக் காட்டுனேன். ரெண்டாவதைக் கேட்டப்போ வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்ச மனுசன், இதைக் கேட்டுக்கிட்டே தூங்கிட்டாரு. அப்பகூட அவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னுதான் நினைச்சேன். அக்கா நல்லா இருக்குன்னுட்டாங்கன்னு இருந்துட்டேன்."

இத்தனை வருடத்தில் எத்தனை பேர் இப்படி வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பார்கள் என்று அந்தோணிமேரிக்குத் தோன்றியது. நிஷா எழுந்து உள்ளே போனாள். திரும்பி வர வெகுநேரம் ஆனது. வந்தபோது கையில் தேநீர் இருந்தது.

"கண்காட்சிக்குப் புக்கு வராது, அப்படித்தானே?"

"வராது. நான் அவங்ககிட்ட சொல்லிக்கிறேன். என் தப்புன்னுதான் சொல்லுவேன்."

"சரி. குடிங்க, ஆறிடும்."

பதிப்பாளர் போனில் கத்தினார். அச்சகத்தில் தேதி வாங்கிவிட்டதாகச் சொன்னார். அந்தோணிமேரி அவர் முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "மார்ச்ல தரேங்க" என்றாள்.

மறுபடி வேலை தொடங்கியது. மூன்று மாதம், வாரத்துக்கு நான்கு நாள். இந்த முறை நிஷா இரண்டாவது பிரதியையும் நான்காவதையும் மடியில் வைத்துக்கொண்டு சத்தமாகப் படித்தாள். அந்தோணிமேரி பேனாவை மூடி வைத்துக் கேட்டாள். பழக்க தோஷத்தில் வாய் திறக்க வரும். அடக்கிக்கொண்டு, "இங்க மாமி ஏன் எந்திரிச்சுப் போறா?" என்று கேள்வி மட்டும் கேட்டாள். சிலவற்றுக்கு நிஷாவிடம் பதில் இருந்தது. சிலவற்றுக்கு இல்லை, அந்த இடங்களை அவளே மாற்றினாள். பிரியாணி அடிப்பிடித்த இடம் வந்தபோது படித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"இதை நீங்க வெட்டுனது சரிதாங்க்கா. இது வேணாம்."

"நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்கு. ஆனா மாமி இங்க பேச வேண்டாம். புருசன் இருமுற சத்தம் அடுத்த அறையில கேக்கணும்."

அந்தோணிமேரி தலையசைத்தாள். அப்படி ஒன்று அவளுக்குத் தோன்றியிருக்காது.

புத்தகம் மே மாதம் வந்தது. கண்காட்சி இல்லாத மாதம் என்பதால் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. கோட்டுச்சேரியிலிருந்து ஒரு பெண் நிஷாவுக்குப் போன் செய்து, குவைத்திலிருந்து வந்த தன் கணவர் அரிசி டப்பாவைத் தினமும் இடம் மாற்றி வைக்கிறார் என்று நாற்பது நிமிடம் பேசினாளாம். மூன்று வாரம் கழித்து ஓர் இணைய இதழில் மதிப்புரை வந்தது. பாராட்டித்தான் எழுதியிருந்தார்கள். கடைசிப் பத்தியில் மட்டும், 'நல்ல எடிட்டர் ஒருவர் கையில் அகப்பட்டிருந்தால் அந்தப் பக்கத்து வீட்டுக்காரியைக் கொஞ்சம் அடக்கியிருக்கலாம்' என்று இருந்தது.

நிஷா கொதித்துப்போய்ப் போன் செய்தாள். "பாத்தீங்களாக்கா? எடிட்டரே இல்லாத மாதிரி எழுதிருக்கான்."

அந்தோணிமேரி இன்னொரு முறை அந்தப் பத்தியைப் படித்தாள். சிரிப்பு வந்தது. வாய்விட்டுச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே நினைவில்லை.

"விடு நிஷா. அடக்கித்தான் வச்சிருந்தோம், உன் மச்சான் தூங்கிட்டாரு."

அன்று மாலை பதிப்பகத்துக்கு இரண்டு வரி எழுதினாள். ஆகஸ்ட் வரை புதிய பிரதி எதையும் அனுப்ப வேண்டாம், உடம்பு அசதியாக இருக்கிறது என்று. எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்காமலே அனுப்பினாள்.