அடி கருகிய பிஸ்கட்

பெற்றவர்கள் வைத்த பெயர் என்று ஒன்று அவருக்கும் இருக்கத்தான் செய்தது. சம்பள நாளன்று கணக்கர் அதைச் சத்தமாக வாசிப்பார். யாரோ புது ஆளைக் கூப்பிடுகிறார்கள் போல என்று அவரே ஒரு நொடி திரும்பிப் பார்ப்பார். மற்ற நாளெல்லாம் அந்தச் சலவைக் கூடத்தில் அவர் பிஸ்கட்டண்ணன்தான். முதலாளிக்கும் பிஸ்கட்டண்ணன், வாசலில் படுத்திருக்கும் நாய்க்கும் பிஸ்கட்டண்ணன்.

கூடம் என்றால் பெரிய கூடம். ஓட்டல்களிலிருந்து படுக்கை விரிப்பும் தலையணை உறையும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். ஒரு பக்கம் பாய்லர், ஒரு பக்கம் துவைக்கிற மிஷின்கள், நடுவில் நீளமான மடிப்பு மேஜை, ஜன்னலை ஒட்டி இஸ்திரி மேஜைகள். ஜன்னலோரம் முதல் மேஜை அண்ணனுடையது. ஆள் ஒல்லி, பேச்சும் அளவுதான். வேலையில் கெட்டி. சட்டைக் காலரை அவர் தேய்த்தால் அடுத்த துவைப்பு வரைக்கும் விறைத்து நிற்கும். ஊர்ப் பேச்சு மட்டும் வந்துவிட்டால் அந்த வாய்க்குப் பூட்டே கிடையாது.

ஊர்ப் பேச்சு வராத நாளும் அங்கே கிடையாது. பிழைக்க வந்த கூட்டம். ஒவ்வொருவனும் ஒரு ஊர், ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பேர். ஒருவருடைய ஊரில் வெங்காயம் பிரசித்தம், அவர் வெங்காயத்தார். சூப்பர்வைசரம்மாவின் ஊரில் குடை. பாய்லர்காரரின் ஊரில் இருக்கிற ஒரே பெருமை ஜெயில். “எங்க ஊர்ச் சாப்பாடு மாதிரி வராது. ஒரு தடவை உட்கார்ந்தவன் லேசுல எந்திரிக்க மாட்டான்” என்பார் அவர். சாப்பாட்டு நேரத்தில் இந்தச் சண்டையே பாதி வயிற்றை நிரப்பிவிடும்.

இதில் ஒரு சட்டமும் இருந்தது. யார் போட்டது என்று தெரியாது. லீவில் ஊருக்குப் போகிறவர் ஊர்ப் பெயர் சொல்லும் பண்டத்தோடுதான் திரும்ப வேண்டும். வெறுங்கையை வீசிக்கொண்டு வந்தால் அந்த வாரம் முழுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற அழுக்குத் துணி மூட்டை அவர் தலையில். ஆஸ்பத்திரி மூட்டையைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தத் தண்டனையின் அருமை தெரியும். பாய்லர்காரருக்கு மட்டும் விலக்கு. அவர் ஊர்ப் பண்டத்தைக் கொண்டுவர அரசாங்கம் விடாது.

அண்ணனின் ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது வெண்ணெய் பிஸ்கட். உலகத்தில் வேறெங்கும் கிடைக்காததா என்றால் இல்லை. வெண்ணெய், மாவு, உப்பு, சர்க்கரை, அவ்வளவுதான். அந்த ஊர் பேக்கரியில் விறகுச் சூளை. தகட்டில் அடுக்கி உள்ளே தள்ளினால் பிஸ்கட்டின் அடிப்பக்கம் கருகிவிடும். அந்தக் கருகலை அரத்தால் சுரண்டிப் பெட்டியில் போட்டு வெளியூர்க்காரர்களுக்கு விற்பார்கள். உள்ளூர்க்காரன் சுரண்டாததைக் கேட்டு வாங்குவான். அவனுக்குப் பெட்டி கிடையாது, பழுப்புத்தாள் பொட்டலம். கருகின பக்கம் நாக்கில் படுகிற மாதிரி கவிழ்த்து வைத்து, முதலில் கசப்பு, பிறகு உப்பு, அதற்குப் பிறகுதான் இனிப்பு. அண்ணன் இதைச் சொல்லிக் கேட்கவேண்டும். கேட்கிறவர்களுக்கு எச்சில் ஊறும்.

இவ்வளவு பெருமை பேசுகிறவர் ஊருக்குள் கால் வைத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. அதுதான் யாருக்கும் தெரியாத சங்கதி.

அவருக்கு ஒரே ஒரு அக்கா. பேக்கரிக்குப் பின்தெருவில், இரும்பு கேட் போட்ட வீட்டில், தையல் மிஷினை வைத்துக்கொண்டு அம்மாவையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா படுத்துவிட்டதாக அக்கா போன் செய்தபோது இங்கே இரண்டு புது ஓட்டல் திறந்திருந்த நேரம், கூடத்தில் மூச்சு விட நேரமில்லை. மழைக்காலத்தில் அம்மா படுப்பதும் வெயில் வந்ததும் எழுந்து உட்காருவதும் வழக்கம்தானே என்று தம்பி நினைத்தார். வாரக் கடைசியில் போகலாம் என்று இருந்தார். போய் இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது.

அக்கா கேட்டைத் திறக்கவில்லை. அழவும் இல்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு சொன்னாள். “வெளியூர்க்காரங்க இப்படித்தான் எல்லாம் முடிஞ்ச பிறகு வருவாங்க. வந்தது வந்துட்ட. போகும்போது பெட்டியில வாங்கிட்டுப் போ. உனக்கு இனிமே சுரண்டினதுதான்.”

வேறு ஊரில் இந்தப் பேச்சுக்கு அர்த்தமே இருக்காது. அந்த ஊரில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது. அவர் பெட்டியும் வாங்கவில்லை, பொட்டலமும் வாங்கவில்லை. அப்படியே திரும்பினார்.

பட்டணத்துக்கு வந்து இறங்கியதும்தான் கூடத்துச் சட்டம் ஞாபகம் வந்தது. அம்மா போன துக்கத்தைச் சொல்லியிருந்தால் யார் பண்டம் கேட்கப் போகிறார்கள்? அவரால் அதைச் சொல்ல முடியவில்லை. சொன்னால் எப்போது போனார்கள், நீ எப்போது போனாய் என்று கேள்வி வரும். பஸ் நிலையத்து பேக்கரியில் வெண்ணெய் பிஸ்கட் வாங்கி, பழுப்புத்தாளில் மாற்றிக் கட்டிக்கொண்டு போனார். வெங்காயத்தார் ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். “என்னண்ணா, அடி கருகவே இல்லையே? உங்க ஊருதானா இது?”

“அவசரத்துல சுரண்டினதைக் குடுத்துட்டான்” என்று சமாளித்தார். ஒரு பொய்யைச் சொன்னவனுக்கு அதைக் கட்டிக் காக்கிற வேலையும் சேர்ந்துவிடுகிறது.

அடுத்த வருஷத்திலிருந்து ஏற்பாடு பக்காவாக நடந்தது. லீவு தொடங்கியதும் பையைத் தூக்கிக்கொண்டு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்புவார். பஸ் ஏறி, பட்டணத்தின் மறுகோடியில் லாரி ஷெட்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் இறங்குவார். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே ஒரு சுவர். லீவு முழுக்க அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். கடைசி நாள் மத்தியானம், பையில் கொண்டுபோன இஸ்திரிப் பெட்டியை இரண்டு செங்கல்லுக்கு நடுவில் கவிழ்த்து வைத்து, கடைப் பிஸ்கட்டை ஒவ்வொன்றாக அதன்மேல் அடுக்கி அடியைக் கருக்குவார். கை பழகிய வேலை. எந்தச் சூட்டில் துணி பழுக்கும், எந்தச் சூட்டில் தீயும் என்பது அத்துப்படி. பிஸ்கட் மட்டும் துணியைவிட ஒசத்தியா என்ன? பிறகு தாளில் மடித்து, தையல் நூலை நாலாக மடித்துக் கட்டுவார். அக்கா அப்படித்தான் கட்டுவாள்.

இன்னொன்றும் செய்வார். லீவின் முதல் நாள் அக்கா வீட்டுக்குப் போன் போடுவார். எடுப்பாள். “அக்கா” என்றதும் வைத்துவிடுவாள். அவ்வளவுதான் இருவருக்கும் மிச்சம் இருந்த சொந்தம். வைத்தால் சரி, ஆள் நன்றாக இருக்கிறாள், கோபமும் நன்றாக இருக்கிறது. அடுத்த வருஷம் நேரில் போய் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடவேண்டும், திறக்கிறவரை நகரக்கூடாது என்று வருஷா வருஷம் நினைத்துக்கொள்வார். இந்த வருஷம் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டார், அப்போதும் எடுக்கவில்லை. நம்மைத் தெரிந்துகொண்டுதான் எடுக்க மாட்டேன் என்கிறாள், கோபம் முற்றிவிட்டது என்று நினைத்துப் படுத்துக்கொண்டார். அந்த லீவில் சுவர் வழக்கத்தைவிடப் பக்கத்தில் இருந்தது.

லீவு முடிந்து கூடத்துக்குப் போனதும் மடிப்பு மேஜையைச் சுற்றிக் கூட்டம் கூடியது. பொட்டலத்தைப் பிரித்தார்.

“அக்கா எப்படி இருக்காங்கண்ணா?” என்றார் சூப்பர்வைசரம்மா.

“அவளுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கா. கொஞ்சம் சதை போட்டிருக்கா. வேண்டாம் வேண்டாம்னு சொல்றேன், மிஷினை விட்டு எந்திரிச்சுப் போய் அவளே வாங்கிட்டு வந்துட்டா. நூலைப் பாருங்க, தையல் நூல். கட்டினதும் அவதான். பட்டணத்துல என்னத்தைத் தின்னு இப்படி வத்திப் போயிட்டேன்னு திட்டு வேற.”

“அக்கான்னா இப்படி இருக்கணும்” என்று பாய்லர்காரர் இரண்டை அள்ளினார். “எனக்கும் ஒருத்தி இருக்காளே.”

“இந்தப் பொண்ணுக்கும் குடுங்க” என்றார் சூப்பர்வைசரம்மா. “நீங்க லீவுல போன அன்னைக்குத்தான் சேர்ந்தா. இங்கே கட்டிக் குடுத்திருக்காங்க. உங்க ஊராம்ணா!”

மேஜையின் அந்தப் பக்கம் நின்றிருந்தவளை அப்போதுதான் பார்த்தார். சின்ன வயசு, கையில் பாதி மடித்த துவாலை. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றார். பொட்டலத்தை நீட்டின கை நீட்டினபடியே இருந்தது.

அவள் ஒன்றை எடுத்தாள். திருப்பி அடியைப் பார்த்தாள். பிறகு நூலைப் பார்த்தாள். “பேக்கரிக்குப் பின்னாடி தெருவா?”

“ஆமாம்மா.”

“இரும்பு கேட் வீடு? தையல்கார அக்கா?”

“ஆமா. தெரியுமா?”

எல்லோரும் மெல்லுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள். அவள் பிஸ்கட்டைக் கவிழ்த்து, கருகின பக்கம் நாக்கில் படும்படி முழுசாக வாயில் போட்டுக்கொண்டாள். மென்று விழுங்கினாள். “எங்க ஸ்கூல் டிரெஸ் எல்லாம் அவங்கதான் தைப்பாங்க” என்றாள். “நல்லா இருக்கு.”

கூட்டம் ஹோவென்று சிரித்தது. ஊர்க்காரியே சொல்லிவிட்டாள், இனி என்ன என்றார் வெங்காயத்தார். அண்ணனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மத்தியானம் லாரி வந்து வெங்காயத்தார் மூட்டை இறக்கப் போய்விட்டார். பெரிய படுக்கை விரிப்புகளை மடிக்க இரண்டு பேர் வேண்டும். சூப்பர்வைசரம்மா அண்ணனோடு மடிக்க அந்தப் பெண்ணை அனுப்பினார். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துத் தள்ளி நின்று, உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து முனையோடு முனை சேர்க்கவேண்டும். முதல் விரிப்பில் முனை சேர்ந்தபோது அவள் தணிந்த குரலில் சொன்னாள்.

“அண்ணா, சூளையை இடிச்சாச்சு. இப்போ கேஸ் அடுப்பு. வெள்ளை வெளேர்னுதான் வருது. ஊர்ல இப்போ யாருக்குமே கருகல் கிடையாது.”

அவர் பின்னுக்கு நடந்தார். மறுபடி சேர்ந்தபோது அவள் கேட்டாள். “எதுல கருக்குனீங்க?”

“இஸ்திரிப் பெட்டியில.”

“அதான் கஞ்சி வாசனை.” அவள் சிரிக்கவில்லை.

“யார்கிட்டயும் சொல்லிடாதம்மா. உனக்குப் புண்ணியமா போகும்.”

“சொல்றதா இருந்தா காலையிலேயே சொல்லியிருப்பேன்.”

அடுத்த விரிப்பை உதறினார்கள். நடந்து வந்தார்கள். அவள் முனையைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டே நின்றாள். “அக்காவைக் கடைசியா எப்போ பார்த்தீங்க?”

“அவளுக்கு என்மேல கோவம்மா. போன் போட்டேன், எடுக்கல.”

“வீடு பூட்டியிருக்குண்ணா.” அவள் குரல் இன்னும் தணிந்தது. “அக்கா இல்ல. போன மழைக்காலத்துல போயிட்டாங்க. நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னாங்களாம், மிஷின்ல உட்கார்ந்தபடியே. காலையில நீங்க அப்படிப் பேசினதும் எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல.”

அவர் அவள் கையிலிருந்து முனையை வாங்கிக்கொண்டார். சேர்த்தார். நீவினார். விரிப்பை மேஜையில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். உதறி, நடந்து, முனை சேர்ந்த பிறகுதான் கேட்டார். “என்னைக் கேட்டாளா?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். ஒரு பொய் சொல்லியிருக்கலாம், அவருக்கும் அது போதும்தான். “தெரியலண்ணா. நான் கிட்ட இல்ல. தம்பி ஒருத்தர் இருக்கார்னு தெருவுல தேடினாங்க. எங்க இருக்கீங்கன்னு யாருக்கும் தெரியல.”

மீதி விரிப்புகளையும் மடித்து முடித்தார்கள்.

ஜன்னலோர மேஜைக்குத் திரும்பி அவர் காலர்களை எடுத்தார். கூடப் பிறந்தவள் செத்துப் போனதற்கு ஒரு மனுஷன் அழவேண்டும். நெஞ்சில் அடித்துக்கொள்ள வேண்டும், லீவு போட்டுவிட்டு ஓட வேண்டும். அவரால் அதில் ஒன்றையும் செய்ய முடியவில்லை. காலையில்தான் இருபது பேருக்கு முன்னால் அவளைச் சதை போட வைத்திருந்தார், மிஷினை விட்டு எழுப்பி பேக்கரிக்கு அனுப்பியிருந்தார். இப்போது எந்த வாயால் அவளைக் கொல்வது? பெட்டி சூடேறியிருந்தது. ஒரு காலர், அதற்கடுத்த காலர். எதுவும் தீயவில்லை. ஒன்றைத் தீய்த்திருந்தாலாவது யாராவது என்னவென்று கேட்டிருப்பார்கள்.

சாயங்காலம் பாய்லரை அணைத்துவிட்டு, கையைத் துடைத்தபடி பாய்லர்காரர் வந்தார். காலிப் பொட்டலத்தை உதறி, தூளை உள்ளங்கையில் கொட்டி வாயில் போட்டுக்கொண்டார்.

“அண்ணா, இவ்வளவு கூட்டத்துல ரெண்டுதான் கிடைக்குது. அடுத்த வாட்டி எனக்குன்னு தனியா ஒரு பொட்டலம். அக்காகிட்ட சொல்லிடுங்க, பாய்லர்காரன் கேட்டான்னு.”

மடிப்பு மேஜையில் அந்தப் பெண்ணின் கை நின்றது. அண்ணன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். பொட்டலத்திலிருந்து அவிழ்ந்து கிடந்த நூலை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டார்.

“சொல்றேன்” என்றார்.