எட்டாமல் போன நீளப் பந்து

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஞாயிற்றுக்கிழமை என்றாலே எனக்கு அலுப்புத்தான். சனி இரவு முழுக்கப் பெற்றோல் ஸ்டேஷனில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்துவிட்டு, லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் இருந்த வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்த கையோடு பூட்ஸைத் தூக்கிக்கொண்டு போவேன். எங்கள் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் உதைபந்தாட்ட அணி. போகாமல் விடவும் மனம் வராது. வாரம் முழுவதும் சிகரெட்டும் சில்லறையும் நீட்டுகிற எனக்கு, அந்தப் புல்லில் மட்டும்தான் ஒரு மதிப்பு இருந்தது.

பின்வரிசையில் நின்று வலப்பக்க மூலைக்கு நீளமாக ஒரு பந்து அடிப்பேன். எங்கள் விளையாட்டே அதை நம்பித்தான். வலப்பக்கம் ஓடுகிறவன், லண்டனுக்கு வந்த புதிதில் என் வீட்டு முன்னறையில் படுத்தெழும்பியவன். வேலையும் நான்தான் பிடித்துக் கொடுத்தேன். என் கால் பந்தில் படுமுன்னரே அவன் ஓடத் தொடங்கிவிடுவான்.

பிறகு அந்தப் பந்து மெல்ல மெல்லப் படுத்துவிட்டது. மழையில் ஊறிய கவுன்சில் மைதானம் சரியில்லை என்றேன். பந்து பாரம் என்றேன். கலியாணம் கட்டியதும் அவன் சோம்பேறியாகிவிட்டான் என்று ஏசினேன். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்ற கதைதான். கிழமை நாளிலும் எல்லோரையும் கூப்பிட்டுப் பயிற்சி வைத்தேன். வேலைக்களையோடு வந்து ஓடினார்கள், பாவம். பந்து தவறும்போதெல்லாம் அவன், "என்ர பிழை அண்ணை" என்பான். கேட்க எனக்கு ஆறுதலாக இருந்தது.

சட்டன் பக்கத்து அணியோடு விளையாடிய அன்று, இடைவேளையில் கோல்காப்பாளன் தோடம்பழத்தை உரித்தபடி என் அருகில் வந்து இருந்தான். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். அணியில் என்னை அண்ணை என்று கூப்பிடாத ஒரே ஆள்.

"உன்ர பந்து இப்ப மூலைக்குப் போறேல்ல," என்றான். "அவன்தான் இஞ்ச வாறான். உன்னை வெக்கப்படுத்தக் கூடாதெண்டு எல்லாரும் கிட்டக் கிட்ட வந்து நிக்கிறாங்கள். ஓடச் சொன்னாலும் ஓடமாட்டான், உன்ர வீட்டில சாப்பிட்டவன்."

எனக்குக் கோபம் வந்தது. பொய் என்று காட்டவேண்டும் போல இருந்தது. இரண்டாம் பாதி தொடங்குமுன் வலப்பக்கத்துக்காரனிடம் போய், பழையபடி மூலைக்கே ஓடு, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவன் தயங்கினான். பிறகு ஓடினான். இருந்த பலமெல்லாம் சேர்த்து அடித்தேன். பந்து நடுக்கோட்டைத் தாண்டியதும் விழுந்து, எதிரணிக்காரனின் காலடிக்கு உருண்டது. மூலையில் நின்றபடி அவன், "என்ர பிழை அண்ணை" என்று கத்தினான். ஏசியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன்.

கையை உயர்த்திவிட்டு வெளியே வந்தேன். நடுவில் விளையாடிய ஒருவனைப் பின்னுக்குப் போய் என் இடத்தில் நிற்கச் சொன்னேன். கோட்டைப் போர்த்திக்கொண்டு மைதானத்து ஓரத்தில் நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் என் இடத்தில் நின்றவன் நீளமாக ஒன்று அடித்தான். எல்லோருடைய தலைக்கும் மேலாகப் போனது. வலப்பக்கத்துக்காரன் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடி, மூலையில் அதைப் பிடித்தான். இவ்வளவு வேகமாக ஓடக்கூடியவன், எனக்காக ஒரு சீசன் முழுக்க நடந்திருக்கிறான்.